நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை: ஹைக்குவுக்கு எந்த வன்பொருள் வேலையை முதலில் எடுப்பது?

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், வெயில் விழும் பக்கமாக, நீட்டு மேசை ஒன்று கிடக்கிறது. முந்தி அம்மா அதில் மிளகாய் காயப்போடுவா. இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் அதில் வயிறு திறந்த லேப்டொப்கள்தான் கிடக்கும். மிளகாய் முற்றத்துப் பாய்க்குப் போய்விட்டது. அதற்கான ஏச்சு எங்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் கிடைக்கிறது.

நாங்கள் நாலு பேர். செங்கலடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஐசிடி படிப்பிக்கும் சேர் ஒருவர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவன். கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் மச்சான் ஒருவன். சி என்ற நிரல்மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு நான். ஹைக்கு என்ற இயங்குதளத்தைப் பழைய லேப்டொப்களில் ஒழுங்காக ஓட வைக்கப் பார்க்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இயங்குதளத்தைப் பணிசெயல் முறைமை என்று போட்டிருக்கும். சேர் அப்படித்தான் சொல்லுவார், மற்ற மூன்று பேருக்கும் வாயில் வராது.

ஹைக்கு பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பீ என்ற கம்பனி 1990களில் பீஓஎஸ் என்று ஒன்று செய்தது. 2001-இல் அந்தக் கம்பனியின் சொத்தைப் பாம் என்ற கம்பனி வாங்கியதோடு அது முடிந்தது. அதே வருடம் சில ஆர்வலர்கள் அதை அடியிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினார்கள். 2004-இல் ஹைக்கு என்று பெயர் வைத்தார்கள். முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்தது 2018-இல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டெம்பரில். அவசரப்படாத கூட்டம். ஆனால் ஆள் மிகவும் மெல்லிசு: 384 எம்பி ரேம் இருந்தாலே கிளம்பிவிடும்.

லினக்ஸ் என்ற இன்னொரு இலவச இயங்குதளத்தைப் போட்டால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மை, இல்லை. பழைய லேப்டொப்பை நாளைக்கே வேலைக்கு எடுக்க வேண்டும் என்றால் லினக்ஸைப் போடுங்கள், நானே வந்து போட்டுத் தருகிறேன். ஹைக்குவை நாங்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பிடித்திருக்கிறது என்பதுதான். அதோடு, ஒரு இயங்குதளத்தின் உள்ளே கை வைத்துப் படிக்க இது அளவான வீடு. லினக்ஸ் நகரம் மாதிரி. போனால் வழி தவறிவிடும்.

பிரச்சினை நேரம். ஆளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் கிழமைக்கு 12. அதிலும் மார்கழி மழை, கோயில் திருவிழா, சேரின் பரீட்சை வகுப்புகள் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம். செய்யக் கிடப்பதோ மலை: வைஃபை, கிராஃபிக்ஸ், தூங்கி எழும்புவது, சத்தம், புரொஜெக்டர், டச்பேட். எல்லாம் அவசரம்தான், ஆனால் எதை எடுத்தாலும் மற்றது நிற்கும். ஆறு மாதமாக நாங்கள் கதைத்துக் கதைத்து வந்து சேர்ந்த இடத்தைத்தான் எழுதுகிறேன். எனக்குச் சார்பு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் கல்முனைக்குப் போய் வந்த கதை. 2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டொப்கள் எல்லாம் திருத்தும் கடைகளில் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. கல்முனையில் எங்களுக்குப் பழக்கமான காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரின் கடை இருக்கிறது. ஒரு நாள் கல்முனை பஸ்ஸில் ஏறி, ஹைக்கு போட்ட பென்டிரைவ் இரண்டோடு போய் இறங்கினோம். மேசையில் கிடந்த 11 லேப்டொப்களிலும் செருகிப் பார்த்தோம். 9 டெஸ்க்டொப் வரைக்கும் வந்தன. அதில் வைஃபை பிடித்தது நாலில். சத்தம் வந்தது ஆறில். லேப்டொப்பை மூடித் திறந்தபோது தூங்கி எழும்பியது ஒன்றுமில்லை. இதை ஆய்வு என்று யாரும் எண்ண வேண்டாம், ஒரு கடையின் ஒரு பின்னேரம். ஆனால் அதுவரை வாயால் சண்டை பிடித்த எங்களுக்குக் கையில் ஒரு தாள் கிடைத்தது.

அந்தத் தாளைப் பார்த்தால் வைஃபைதான் முதலில் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

வைஃபை

ஒரு சிப்பை இயங்குதளத்தோடு கதைக்க வைக்கும் மென்பொருள்தான் ட்ரைவர். ஹைக்கு தன் வைஃபை ட்ரைவர்களைப் பெரும்பாலும் தானாக எழுதுவதில்லை. ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இரண்டு இயங்குதளங்களிலிருந்து எடுத்து, இடையில் ஒரு ஒட்டுப் படலம் வைத்து ஓட்டுகிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு: இன்டெல், பழைய ஆதெரோஸ் கார்ட்கள் எல்லாம் அந்த வழியால் வந்தவைதான். கடையில் பிடித்த நாலும் அந்த இனம். பிடிக்காததில் பெரும்பாலானவற்றில் இருந்தது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சிஇ போன்ற சிப். விலை குறைந்த லேப்டொப்களில் அள்ளிப் போட்டிருக்கும் சாமான். இதற்கு பீட்டா 5-இல் ட்ரைவர் இல்லை. லினக்ஸில் உண்டு, அதன் உரிமமும் பிஎஸ்டி வழியில் எடுத்துக்கொள்ளத் தடையில்லாதது. ஆனால் அது லினக்ஸின் வைஃபை அடுக்கில் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் லினக்ஸ் மாதிரி நடிக்கும் தனி அடுக்கு ஒன்றைக் கட்டித்தான் அதை உள்ளே எடுத்தார்கள். ஹைக்குவின் ஒட்டுப் படலத்தில் அந்த நடிப்பு இல்லை. சிப்பின் உள்விபரம் சொல்லும் ஆவணமும் வெளியில் கிடையாது. மச்சான் கணக்குப் போட்டுச் சொன்னது, எங்கள் வேகத்தில் குறைந்தது ஆறு மாதம்.

காக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாள் எண்டீங்க தம்பி?"

"ஆறு மாசம் போகும் காக்கா."

ஒன்றும் சொல்லாமல் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார். திறந்தால் உள்ளே வைஃபை கார்ட்கள். உடைந்த லேப்டொப்களிலிருந்து கழற்றிக் கழற்றிச் சேர்த்தது, இருபது முப்பது இருக்கும். ஒன்றை நகத்தால் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். இன்டெல் 7265.

"இதுக்கு உங்கட சாமானில வேல செய்யுமா?"

"செய்யும்."

"மறுகா என்னத்துக்கு எழுதுறீங்க?"

பின்மூடியைக் கழற்றினார், கார்ட்டைப் பிடித்திருந்த ஒற்றை ஸ்க்ரூவை எடுத்தார், கறுப்பும் வெள்ளையுமான இரண்டு அன்டெனா வயர்களை நகத்தால் கிளப்பிப் புதியதில் அழுத்தினார். 'டிக், டிக்'. ஐந்து நிமிடம். திரும்பப் பென்டிரைவைச் செருகியதும் கடை வைஃபை பட்டியலில் வந்து நின்றது. மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அன்றைக்குத்தான் எங்கள் கேள்வியே மாறியது. அதுவரை 'எது இல்லாமல் ஆட்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது, 'எதற்குப் பக்கவாசல் இல்லை' என்று.

வைஃபைக்குப் பக்கவாசல் மூன்று. ஒன்று, காக்கா காட்டியது. இரண்டாவது, யூஎஸ்பி டொங்கில்: ஆர்டிஎல்8188இயு மாதிரியான பழைய சின்ன டொங்கில்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி வழியால் ட்ரைவர் உண்டு, பீட்டா 4-இலிருந்து ஹைக்குவில் யூஎஸ்பி வைஃபை வேலை செய்கிறது. மூன்றாவது எல்லார் கையிலும் இருப்பது. அன்ட்ரொய்ட் ஃபோனை வயரால் செருகி யூஎஸ்பி டெதரிங் (ஃபோனின் இன்டர்நெட்டை வயரால் பகிர்வது) போட்டால் லேப்டொப்புக்கு அது சாதாரண நெட்வேர்க் கார்ட் மாதிரித் தெரியும். பீட்டா 4-இலிருந்து இதுவும் உண்டு. வீட்டில் ரவுட்டர் இல்லாமல் ஃபோன் டேட்டாவிலேயே வாழ்கிற நம் ஊரில் பாதிப் பேருக்கு இது பக்கவாசல்கூட இல்லை, முன்வாசல்தான்.

பெரிய இடத்திலும் இதே யோசனை நடந்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபைபொக்ஸ் என்று ஒன்று உண்டு: கம்பியூட்டருக்குள்ளேயே சின்ன லினக்ஸ் ஒன்றை ஓடவிட்டு, வைஃபை கார்ட்டை அதன் கையில் கொடுத்து, வலையை மட்டும் வாங்கிக்கொள்வது. ஃப்ரீபிஎஸ்டி லேப்டொப்களில் ஒழுங்காக ஓட வேண்டும் என்று 2024-இல் 7,50,000 டொலர் ஒதுக்கினார்கள். அவ்வளவு பணம் பேசப்படுகிற இடத்திலேயே ஒருவர் வைஃபைக்கு இப்படிச் சுற்றுவழி கட்டுகிறார் என்றால், எங்கள் 12 மணித்தியாலம் எந்த மூலைக்கு?

கார்ட் மாற்றுவதிலும் குத்து உண்டு, சொல்லாமல் விட்டால் யாராவது வந்து ஏசுவார்கள். சில லேப்டொப்களின் பயோஸ் (மெசினைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தனக்குத் தெரிந்த கார்ட் அல்லாத வேறு எதைப் போட்டாலும் கிளம்பவே மாட்டேன் என்று நிற்கும். எங்களுக்கு அப்படி ஒன்று அகப்பட்டது. பழைய கார்ட்டையே திரும்பப் போட்டு அனுப்பினோம். இன்டெல்லிலும் ஏஎக்ஸ்201 மாதிரியான கார்ட்கள் அதற்கென்று செய்த இன்டெல் போர்டில் மட்டும்தான் வேலை செய்யும். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று வேறு லேப்டொப்பில் போட்டால் சும்மா இருக்கும். ஏஎக்ஸ்200, 210 என்றால் அந்தக் கரைச்சல் இல்லை.

கிராஃபிக்ஸ்

இது மச்சானின் ஆசை. ஹைக்கு பீட்டா 5-இல் முப்பரிமாணப் படம் எல்லாம் கிராஃபிக்ஸ் சிப்பைத் தொடாமல் மெசினின் மூளையான சிபியுவே கணக்குப் போட்டு வரைகிறது. சிப்பை வேலைக்கு இழுத்தால் எல்லாம் பறக்கும் என்பது அவன் வாதம். இன்டெல் தன் கிராஃபிக்ஸ் சிப்களின் கைநூல்களை ஆயிரக்கணக்கான பக்கங்களில் வெளியிட்டிருப்பதால் ஆவணம் இல்லை என்ற சாட்டும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் இயங்குதளத்தின் கருவான கேர்னலில் நினைவகம் பங்கிடுவதில் தொடங்கி மேலே முப்பரிமாணம் வரையும் மெசா என்ற மென்பொருள் வரைக்கும் ஒரு கோபுரமே கட்ட வேண்டும். அது வருடக் கணக்கு, அதுவும் முழுநேர ஆட்களுக்கு. எங்களுக்கு முடியாது. டெஸ்க்டொப்புக்கும் எழுத்து வேலைக்கும் சிபியு வரைவதே தாராளமாகப் போதும். விளையாட்டு வேண்டுமென்றால் தம்பியிடம் வேறு மெசின் இருக்கிறது.

இதற்குள் சின்னக் காரியம் ஒன்று மட்டும் எடுக்கத் தக்கது. பழைய பயோஸ் லேப்டொப்கள் சிலவற்றில் திரை 1366க்கு 768 ஆக இருக்கும், படமோ 1024க்கு 768-இல் வந்து எல்லார் முகமும் அகன்று தெரியும். 1366 எட்டால் வகுபடாத எண். பழைய பயோஸ் பலதின் பட்டியலில் அந்த அளவே இருக்காது. ஹைக்குவின் இன்டெல் ட்ரைவருக்கு அந்தச் சிப் தெரிந்திருந்தால் இந்தப் பிரச்சினை போய்விடும். சிப்பின் சாதன எண்ணை ட்ரைவரின் பட்டியலில் சேர்த்துப் பார்ப்பது ஒரு பின்னேர வேலை. இந்த எண்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: சாதனப் பட்டியலில் இன்டெல்லின் அடையாள எண் 8086. தங்கள் 1978-ஆம் ஆண்டுச் சிப்பின் பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

தூங்கி எழும்புவது

மூடியை மூடினால் தூங்கி, திறந்தால் விட்ட இடத்தில் எழும்ப வேண்டும். கடையில் ஒன்றும் எழும்பவில்லை என்றேனே, அது அந்த லேப்டொப்களின் குற்றம் இல்லை. ஹைக்குவில் இந்த வசதியே இன்னும் வரவில்லை. ஒரு ட்ரைவரைத் திருத்தி இதைச் சரிசெய்ய இயலாது. ஒவ்வொரு ட்ரைவரும் தூங்கப்போகுமுன் தன் நிலையைச் சேமித்து, எழும்பியதும் தன் சிப்பைத் திரும்பக் கிளப்பத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மறந்தாலும் முழு மெசினும் கறுப்புத் திரையோடு நிற்கும். புதிய லேப்டொப்கள் பலவற்றில் எஸ்3 என்ற பழைய முழுத் தூக்கமே இல்லாமல், அரைத் தூக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது இதைவிடச் சிக்கல்.

2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை நினைத்தால் இதற்கு வாக்குப் போட எனக்கே மனம் வரும். பெட்டரியை மிச்சம் பிடிப்பதுதான் அப்போது வாழ்க்கை. ஆனால் எஸ்எஸ்டி போட்ட மெசினில் ஹைக்கு அரை நிமிடத்துக்குள் கிளம்பிவிடும். வேலை முடிந்ததும் நிறுத்து, வேண்டும்போது போடு. பக்கவாசல் அகலமாகவே இருக்கிறது. தள்ளி வைத்தோம்.

சத்தம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அடிபட்ட இடம் இது.

லேப்டொப் சத்தம் பெரும்பாலும் எச்டி ஓடியோ என்ற இன்டெல்லின் 2004-ஆம் ஆண்டு விதிமுறையில் ஓடுகிறது. ஆவணம் பகிரங்கம். ஹைக்குவில் அதற்கு ட்ரைவரும் உண்டு. பிறகு ஏன் ஒன்பதில் மூன்று ஊமை? சத்தத்தைக் கையாளும் கோடெக் சிப்பிலிருந்து பல கால்கள் வெளியே வரும். எந்தக் கால் ஸ்பீக்கர், எது ஹெட்ஃபோன், எது மைக் என்று ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு இணைத்துவிட்டு, பயோஸில் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். சில குறிப்புகள் பிழை. சில போர்டுகளில் ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபையரைத் தனியாக ஒரு சுவிட்ச் போட்டு எழுப்ப வேண்டும். ட்ரைவருக்குள் இப்படியான விசித்திரங்களுக்கென்றே ஒரு அட்டவணை உண்டு: இந்தக் கம்பனி, இந்த மாடல் என்றால் இந்தச் சுவிட்சைப் போடு. பிரச்சினை விளங்கிவிட்டால் ஒரு வரியைச் சேர்த்துக் கம்பைல் பண்ணினால் சரி. சேர்க்கும் நேரம் ஐந்து நிமிடம். விளங்கும் நேரம்தான் சொல்ல முடியாது.

கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு லேப்டொப் வந்தது. ஹெட்ஃபோன் போட்டால் பாட்டு, கழற்றினால் மௌனம். இது அட்டவணை வேலைதான் என்று முடிவுகட்டி உட்கார்ந்தோம். ஒரு ஞாயிறு முழுக்கக் கால்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். அடுத்த ஞாயிறு மச்சான் கோடெக்கின் பதிவுகளை (சிப் தன் நிலையைக் குறித்து வைக்கும் இடங்களை) திரையில் கொட்டவைத்து வாசித்தான். ஹெட்ஃபோன் செருகப்பட்டிருக்கிறது என்றே சிப் சொல்லிக்கொண்டிருந்தது, துளையில் ஒன்றும் இல்லாதபோதும். ஹெட்ஃபோன் இருக்கிறது என்று நம்பிய ட்ரைவர் ஸ்பீக்கரை மரியாதையாக அடைத்து வைத்திருந்தது. சேர் டோர்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்று. கொன்டக்ட் கிளீனர் அடித்து, ஹெட்ஃபோன் முளையைப் பத்துத் தடவை செருகி இழுத்ததும் ஸ்பீக்கர் வாய் திறந்தது.

லேப்டொப்காரரிடம் பிறகு கேட்டோம், விண்டோஸில் சத்தம் வந்ததா என்று. "இல்லத்தம்பி, ரெண்டு வருசமா ப்ளூடூத் ஸ்பீக்கர்தான்" என்றார். முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு ஞாயிறு மிஞ்சியிருக்கும். அன்றிலிருந்து வரும் எந்த மெசினிலும் முதலில் லினக்ஸ் பென்டிரைவைச் செருகிப் பார்ப்போம். அதிலும் வேலை செய்யவில்லை என்றால் காக்காவிடம் போகும், எங்கள் மேசைக்கு வராது.

அடிபட்டாலும் சத்த வேலைக்கு என் வாக்கு உண்டு. காரணம், மெசின் எங்கள் கையில் இருக்கும் நேரத்தோடு அது பொருந்துகிறது. மேசைக்கு வருபவை எங்கள் மெசின்கள் இல்லை. கடையிலிருந்தும் தெரிந்தவர்களிடமிருந்தும் இரவல். வியாழக்கிழமை ஆள் வந்து கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆறு மாத ட்ரைவர் வேலையை இரவல் மெசினில் தொடங்கினால், பாதியில் மெசின் போய்விடும், எழுதியது சோதிக்க ஆளில்லாமல் கிடக்கும். அட்டவணைக்கு ஒரு வரி என்றால் மெசின் போகுமுன் முடியும். டச்பேட்டும் இதே இனம்தான், ஆனால் அதற்கு மவுஸ் என்ற பக்கவாசல் இருக்கிறது.

புரொஜெக்டர்

இதைக் கொண்டுவந்தவர் சேர். கல்முனைத் தாளில் இது இல்லவே இல்லை, ஏனென்றால் கடையில் யாரும் புரொஜெக்டர் செருகிப் பார்க்கவில்லை. சேருக்கோ ஒவ்வொரு வகுப்பும் அதில்தான். "வைஃபை இல்லாமப் படிப்பிக்கலாம், சத்தம் இல்லாமப் படிப்பிக்கலாம். சுவத்தில படம் வராட்டி என்னடா செய்யிற?"

ஹைக்குவுக்கு ஒரு நேரத்தில் ஒரு திரைதான் தெரியும். இரண்டு திரையில் இரண்டு வேறு படம் காட்ட வேண்டுமென்றால் டெஸ்க்டொப்பை வரையும் சேர்வரையே உடைத்துக் கட்ட வேண்டும். அது எங்கள் வயசுக்கு மிஞ்சிய வேலை. ஆனால் சேருக்கு இரண்டு படம் வேண்டாம், ஒரே படம் இரண்டு இடத்தில் வந்தால் காணும். இன்டெல் சிப்பில் படத்தை வெளியே தள்ளும் குழாய் ஒன்றுக்கு மேல் உண்டு. இரண்டாவது குழாயையும் அதே நினைவகத்திலிருந்து வாசிக்கச் சொன்னால் சுவரில் அதே படம் வரும். கைநூலில் வழி இருக்கிறது.

சிக்கல் அளவில். லேப்டொப் திரை 1366க்கு 768. சேரின் புரொஜெக்டர், பழைய புரொஜெக்டர்கள் பலதைப் போல, 1024க்கு 768. ஒரே படத்தை இரண்டிலும் காட்டினால் ஒரு பக்கம் வெட்டுப்படும். இரண்டையும் 1024-க்கு இறக்கி, லேப்டொப் திரையில் மட்டும் சிப்பின் பெருக்கியால் இழுத்துவிடுவது என்று இப்போதைக்கு நினைத்திருக்கிறோம். லேப்டொப்பில் முகங்கள் அகலும், சுவரில் சரியாக இருக்கும். பிள்ளைகள் பார்ப்பது சுவரைத்தானே.

பக்கவாசல் உண்டா என்று நேர்மையாகத் தேடினோம். அரைகுறையாக ஒன்று உண்டு. சில பழைய லேப்டொப்களில் மெசினைப் போடும்போதே புரொஜெக்டருக்குப் போகும் விஜிஏ வயர் செருகியிருந்தால் பயோஸே இரண்டு பக்கமும் படம் போட்டுவிடும். ஹைக்குவைப் பொதுவான திரை ட்ரைவரோடு கிளப்பினால் அது அப்படியே நீடிக்கும். சேர் இரண்டு வகுப்பை அப்படி ஓட்டினார். மூன்றாவது வகுப்பில் ஒரு பிள்ளையின் கால் வயரில் இடறியது. திரும்ப முதலிலிருந்து கிளப்ப வேண்டியதாயிற்று. எல்லா மெசினிலும் இது நடக்கவும் மாட்டாது. இதைக் கதவு என்று சொல்ல முடியாது, வேலியில் விழுந்த பொட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்னொரு நன்மை, இதைச் சோதிக்கும் லேப்டொப் சேரின் சொந்தம். வியாழக்கிழமை யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

எடுக்காமல் விட்டவை

ப்ளூடூத்தை எடுக்கவே இல்லை. ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் தங்களிடம் இருந்த ப்ளூடூத் ஆதரவை 2014-இல் வெட்டி எறிந்தே விட்டார்கள். பராமரிக்க ஆளில்லாததை வைத்திருப்பதைவிட இல்லை என்று சொல்வது மேல் என்ற துணிவு எனக்குப் பிடிக்கும்.

ராஸ்பெரி பை, ரிஸ்க்-ஃபைவ் மாதிரியான சின்னக் கம்பியூட்டர் பலகைகளில் ஹைக்குவை ஏற்றுவது தம்பியின் கனவு. இறுதி வருட ஆய்வுக்குப் பார்க்க வடிவாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் புதிய வன்பொருளின் பின்னால் ஓடுவது பற்றி பீ கம்பனியின் கதையே போதும். 1995-இல் இரண்டு பவர்பிசி சிப்களோடு பீபொக்ஸ் என்று சொந்த மெசினே விற்றார்கள். இரண்டாயிரம்கூடச் செய்யவில்லை, 1997 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆப்பிளின் மெசின்களை நம்பினார்கள். ஆப்பிளின் அடுத்த ஜி3 மெசின்களின் உள்விபரம் கிடைக்கவில்லை, அந்த வாசலும் மூடிக்கொண்டது. 1998-இல் இன்டெல் பக்கம் வந்தபோது நேரம் கடந்துவிட்டது. இன்று ஹைக்கு ஓடுவது அவர்கள் கடைசியாக வந்து சேர்ந்த அந்தச் சாதாரண மெசின்களில்தான். கல்முனைக் கடையில் குவிந்து கிடப்பதும் அதே இனம்.

வன்பொருள் அல்லாத ஒன்றும் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது: தமிழ். பீட்டா 5-இல் ஹைக்குவின் சொந்தச் செயலிகளில் எழுத்துகள் சரியாகச் சேர்வதில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் ககரத்தைக் கட்டிப்பிடிக்காமல் தனித்தனியே நிற்கும். வைஃபையும் சத்தமும் எல்லாம் வந்த பிறகு அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத முடியாத மெசினை வைத்து என்ன செய்வது என்று தம்பி கேட்டான். பதில் இல்லை. அது எழுத்துரு அடுக்கின் வேலை, தனிப் போராட்டம். அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆக, இப்போதைய ஏற்பாடு இது. இரவல் மெசின் வந்தால் முதலில் லினக்ஸ் பென்டிரைவ், பிறகு சத்த அட்டவணை, திரைச் சிப்பின் எண், நேரம் மிஞ்சினால் டச்பேட். மெசின் திரும்பிப் போகுமுன் முடியக்கூடியது மட்டும். சொந்த மெசினில் நீண்ட வேலை ஒன்றே ஒன்று, புரொஜெக்டர். வைஃபைக்குக் காக்காவின் டின். கிராஃபிக்ஸ் இல்லை. மச்சான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், ஆனால் இரண்டாவது குழாயின் பதிவுகளை வாசிக்கத் தொடங்கிவிட்டான். அதுவும் கிராஃபிக்ஸ்தானே என்று நான் சொன்னதற்குப் பதிலாக ஒரு கொட்டைப்பாக்கை எறிந்தான்.

புரொஜெக்டர் சேருக்கு வகுப்பில்லாத சனிக்கிழமைப் பின்னேரம்தான் கிடைக்கும். விஜிஏ வயர் கொண்டுவருவது தம்பியின் பொறுப்பு.